வாயில்லா ஜீவன்களின் வைத்தியசாலை

வீதியோரத்திற் கால் ஒடிந்து கிடக்கும் நாயையும், உழைத்துத் தேய்ந்தபின் உரியவனாற் கைவிடப்பட்ட மாட்டையும் கண்டு "ஐயோ பாவம்" என்று சொல்லாதார் யார்? ஆயின், சொல்லிவிட்டு அப்பாற் செல்வோரே பலர். இரக்கம் உள்ளத்தோடு நின்றுவிடின் அவ்வுயிர்க்கு ஆவதொன்றில்லை. அவ்விரக்கத்துக்குக் கூரையும் மருந்தும் பொருளும் தேடிக்கொடுத்தவர்களின் வரலாறு இளைஞராகிய நாம் அறியத்தக்கது.

கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறிப்பித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதர்க்கும் விலங்குகட்கும் என இருவகை வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகின்றது. மூலிகை இல்லாத இடங்கட்கு அவை வருவித்து நடப்பட்டன. வழிகளிற் கிணறுகள் தோண்டப்பட்டன. அரசரின் எல்லைக்கு அப்பாற்பட்ட சோழ, பாண்டிய, கேரள நாடுகளும், தாம்பரபரணி எனப்பட்ட இலங்கையும் அச்சாசனத்திற் குறிக்கப்படுகின்றன. ஆகவே, இவ்வறம் நமக்குப் புதியதன்று.

அச்சாசனத்தின் படியொன்று கூர்ச்சரத்துக் கிர்நார் மலையடியில் உள்ளது. அதே கூர்ச்சரத்திற்றான், சமணரும் வைணவருமான வணிகர் "பாஞ்சராபோல்" என்னும் விலங்குச் சாலைகளை நெடுங்காலம் பேணிவந்தனர். 1583 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுவந்த ரால்ப் பிட்ச் என்னும் வணிகர், காம்பே நகரில் நொண்டி நாய்கட்கும் பூனைகட்கும் பறவைகட்கும் வைத்தியசாலைகள் இருந்தமையை வியந்து எழுதியுள்ளார்.

இவ்வறம் பெருஞ் சோதனைக்குள்ளானது பம்பாய் நகரிலாகும். அங்கே கும்பெனி அரசினர் கட்டாக்காலி நாய்களைக் கொல்வித்தனர். கொன்ற ஒவ்வொரு நாய்க்கும் காசு கொடுத்தனர். காசாசை கொண்ட காவலர் வீட்டு நாய்களையும் விட்டுவைக்கவில்லை. நாயைப் புனிதமாகப் போற்றும் பார்சி மக்கள் 1832 ஆம் ஆண்டு யூன் மாதம் கிளர்ந்தெழுந்தனர். இந்துக்களும் சமணரும் உடன் சேர்ந்தனர். கடைகள் அடைபட்டன, படையினர்க்குச் செல்லும் உணவும் தடைப்பட்டது. ஈற்றிற் படை வரவழைக்கப்பட்டே கலகம் அடக்கப்பட்டது.

கலகம் அடங்கியதோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது. "கொல்லாதீர்" என்று அரசினரைக் கேட்பவர், கொல்லாது விடப்பட்ட உயிர்களைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டுமன்றோ? அப்பொறுப்பை அவர்கள் ஏற்றனர். பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், சமண வணிகர் மோதிசந்த் அமிசந்த் முதலியோரின் முயற்சியால் 1834 ஆம் ஆண்டு பம்பாய்ப் பாஞ்சராபோல் தோன்றியது. வணிகர் தத்தம் சரக்கின்மேல் மகமை வைத்து அதனை நடத்தினர். சமயத்தால் வேறுபட்டோர் ஓர் அறத்தால் ஒன்றுபட்டனர்.

எனினும், அடைக்கலம் மாத்திரம் போதாது. நோயுற்ற உயிர்களைக் கூட்டமாக அடைத்துவைத்து மருந்து கொடாதுவிடின், காப்பிடமே நோய்க்கிடமாகிவிடும். அக்குறையை நீக்க மிருக வைத்தியக் கல்வி வேண்டியிருந்தது. பம்பாயில் 1886 ஆம் ஆண்டு மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கியது. தின்ஷா மானெக்ஜி பெட்டிட் என்னும் பார்சிச் செல்வரின் கொடையால் எழுந்த விலங்கு வைத்தியசாலை அதற்குத் துணைநின்றது.

பின்னர், 1959 ஆம் ஆண்டு சென்னையில் கப்டன் சுந்தரம் குடும்பத்தார் "புளூ குறொஸ்" என்னும் சங்கத்தை ஆரம்பித்தனர். 1964 ஆம் ஆண்டு தொடக்கம் அச்சங்கம், நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையைக் கைக்கொண்டது. அக்கொள்கையையே இந்திய அரசு 2001 ஆம் ஆண்டு விதியாக்கியது.

விசர்நாய்க்கடியால் மனித உயிர் மாள்வதை நாம் மறத்தலாகாது. அவ்வச்சம் நியாயமானதே. ஆயின், கொன்ற நாய்களின் இடத்தை வேறு நாய்கள் வந்து நிரப்புகின்றன. ஓரூர் நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமற் தடுப்பூசி ஏற்றின் அந்நோய் பரவுவது தடைப்படும் என்பது மருத்துவர் கண்ட முடிபு. எனவே, நாயைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

அன்று பம்பாய் வணிகர் மகமை வைத்தனர். நம் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை மிருக வைத்தியரை அழைத்து, ஊர் நாய்கட்கு இலவசமாகத் தடுப்பூசி ஏற்றுவித்தல் அதனினும் எளிது. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. பத்து இளைஞரும் ஒரு நாட்பொழுதும் போதும்.