தொட்டறிதல்

தொட்டறிதல் என்பது நோயாளியின் தோல், திசு, தசை, நரம்பு, உள்ளுறுப்பு ஆகியவற்றின் நிலையைக் கையால் தொட்டும் அழுத்தியும் அறியும் உடற்பரிசோதனை முறையாகும். பார்த்தறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் ஆகியவற்றுடன் இது அடிப்படைப் பரிசோதனைகள் நான்கனுள் ஒன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் பரிசம் என்ற பெயரில் இடம்பெறுகின்றது. தொழுநோயைக் கண்டறிவதில் இம்முறை இன்றும் முதன்மையானது.

முறை

தோலின் வெப்ப வேறுபாட்டைப் புறங்கையாலும், திசுவின் தன்மையை விரல் நுனியின் சதைப்பகுதியாலும் அறிவர். உடலின் இருபுறங்களையும் ஒப்பிடுதல் இன்றியமையாதது. முதலில் மென்மையாகவும் பின்னர் ஆழமாகவும் தொடுவர். வலி உண்டா என்பதை அறிய நோயாளியின் முகத்தைக் கவனிப்பர்.

ஆஸ்டியோபதியில்

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் அமெரிக்காவின் கிர்க்ஸ்வில் நகரில் பள்ளி தொடங்கிக் கற்பித்த ஆஸ்டியோபதி என்னும் கைமுறை மருத்துவத்தில் தொட்டறிதலே பரிசோதனையின் மையம். திசுத் தன்மை மாற்றம், சமச்சீரின்மை, அசைவுக் குறைவு, தொடுவலி ஆகிய நான்கும் தேடப்படுகின்றன. அண்மைய பாதிப்பில் திசு வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வீங்கியும் இருக்கும். நாட்பட்ட பாதிப்பில் குளிர்ந்து, உலர்ந்து, கயிறு போல் இறுகியிருக்கும் எனக் கற்பிக்கப்படுகின்றது.

தொழுநோயில்

தொழுநோய்க் கிருமி தோலையும் புற நரம்புகளையும் தாக்குகின்றது. உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த படை, தடித்த நரம்பு ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். நோயாளியைக் கண்மூடச் செய்து, படையின்மீது பஞ்சாலோ பேனா முனையாலோ தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வர். பின்னர்ப் பின்வரும் நரம்புகளை விரலடியில் உருட்டி, தடிப்பும் வலியும் உண்டா எனப் பார்ப்பர்:

* முழங்கையின் உட்புறம் செல்லும் அல்நார் நரம்பு
* கழுத்தின் பக்கவாட்டில் காதை நோக்கிச் செல்லும் நரம்பு
* முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் செல்லும் நரம்பு
* உட்கணுக்காலின் பின்புறம் செல்லும் நரம்பு

அல்நார் நரம்பு சிதைந்தால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி நகக்கை எனும் ஊனம் உண்டாகும். காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் நாடா எறிவதும் அறுந்த இழையை முடிவதும் விரல்களின் வேலையாதலால் இவ்வூனம் பிழைப்பையே பறிக்கக்கூடியது. உணர்ச்சி இழந்த கையில் சூடும் காயமும் தெரியாமற் போவதால் புண்கள் பெருகும். நரம்புப் பாதிப்பு தொடங்கி ஆறு மாதங்களுக்குள் கண்டறியப்பட்டால் ஸ்டீராய்டு மருந்துகளால் பெரும்பாலும் மீட்க இயலும். காலம் கடந்தால் இழப்பு பெரும்பாலும் நிலையானதாகிவிடும்.

செங்கற்பட்டு

2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்ததும் தற்போது தனி மாவட்டத்தின் தலைநகராக உள்ளதுமான செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இயங்கியது. இராபர்ட் காக்ரேன் 1940களில் இங்கு சல்போன் மருந்துகளைக் கொண்டு சிகிச்சை அளித்தார். 1955-இல் நடுவண் அரசு இதனை ஏற்று மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. நோயாளியைத் தொடவே பிறர் அஞ்சிய காலத்தில், தொட்டுப் பார்த்தே அறியவேண்டிய நோயாகத் தொழுநோய் இருந்தது.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2005 இறுதியில் இந்தியாவில் நோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவினும் குறைந்தது. பின்னரும் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டு வருவதால், நரம்பைத் தொட்டறியும் திறன் பொது மருத்துவருக்கும் செவிலியருக்கும் தேவைப்படுகின்றது.

வரம்புகள்

ஒரே நோயாளியைத் தொட்டறியும் இருவரின் முடிவுகள் எப்போதும் ஒத்திருப்பதில்லை. முதுகுத் திசுக்களை ஆராய்வதில் இவ்வேறுபாடு மிகுதி என ஆய்வுகள் காட்டியுள்ளன. மெலிந்தவர்களிடம் இயல்பான நரம்பும் கைக்குத் தட்டுப்படும். எனவே உணர்ச்சிச் சோதனை, தசை வலிமைச் சோதனை, தேவையெனில் தோல் கீறல் சோதனை ஆகியவற்றுடன் சேர்த்தே முடிவு செய்யப்படும்.

இவற்றையும் பார்க்க

* தொழுநோய்
* எண்வகைத் தேர்வு
* புற நரம்பு மண்டலம்