கிராமக் காவலும் குற்றக் கணக்கும்

1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டைப் பொலிசார் சூழ்ந்துகொண்டனர். உள்ளே இருந்தவன் உதுவன்கந்தைச் சரதியேல். கண்டி வீதியிற் செல்வோரைக் கொள்ளையிட்டுப் பெயர்பெற்றவன். அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் சபான் என்னும் பொலிஸ்காரர் உயிர் துறந்தார். சரதியேலும் கூட்டாளி மம்மாலி மரிக்காரும் மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். சபான் இறந்த நாளையே இலங்கைப் பொலிசார் வீரர் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

அத்தகைய ஒருவனை ஊரவர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அச்சம் ஒரு காரணம். ஏழைகளின் நண்பன் என்ற பெயரும் அவனுக்கு இருந்தது. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு: காட்டிக்கொடுத்தவனைக் காக்க அக்கிராமங்களில் எவருமில்லை.

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் பிறந்தது இதன் பின்னரே. மறு ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி, இந்தியாவிற் பணியாற்றிய கேம்பெல் பொலிஸ் தலைமையை ஏற்றார். ஆயினும் அவர் படை பெரும்பாலும் பட்டினங்களையும் பெருவீதிகளையும் காத்தது. கிராமங்களோ விதானைமாரிடமும் ஆராச்சிமாரிடமுமே விடப்பட்டன. அவர்களுக்குச் சம்பளம் இல்லை. அதிகாரமும் மதிப்பும் உண்டு. சம்பளமில்லா அதிகாரம் வேறு வழிகளிற் கூலி தேடுவது வியப்பன்று.

மாட்டுக் களவை நோக்கினால் இது விளங்கும். உழவனுக்கு எருது போனால் அப்போகத்து விதைப்பும் போயிற்று. முறைப்பாடு செய்யின் நெடுந்தூரம் நடந்து வழக்குமன்றம் செல்லவேண்டும். தவணை தவணையாக நாட்கள் கழியும். சாட்சிகளுக்குச் சோறும் போடவேண்டும். அதனால் அவன் இடையாள் ஒருவனைக் கண்டு, பணங் கொடுத்துத் தன் மாட்டைத் தானே மீட்டுக்கொள்வான். கள்வனுக்கும் ஆதாயம், இடையாளுக்கும் ஆதாயம். அரசாங்கப் பதிவேட்டிலோ அவ்வூரிற் களவே நிகழவில்லை!

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அண்மையில் ஒரு பொலிஸ் நிலையம் திறக்கப்படின், அதுவரை மறைந்திருந்த களவுகள் ஏடேறும். குற்றத் தொகை உயரும். நிலையம் குற்றத்தை வளர்த்தது என்று அதற்குப் பொருளன்று. ஆயினும் உயர்வு முழுவதும் உண்மைக் குற்றமும் அன்று. காணித் தகராற்றில் எதிரியை இழுத்தடிக்கக் களவு என்றும் அடிதடி என்றும் பொய் வழக்குத் தொடுப்பதை அக்கால நீதவான்கள் நன்கறிவர்.

அவர்களுள் ஒருவர் லெனாட் வூல்வ். யாழ்ப்பாணத்தில் உத்தியோகந் தொடங்கி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து வழக்குகளும் விசாரித்தவர். 1913இல் அவர் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்ற பொருளுடைய ஆங்கில நாவலில், தலைமைக்காரன் ஓர் ஏழைமீது களவுப் பழி சுமத்துகிறான். வழக்குமன்றம் முறைப்படியே விசாரித்து, குற்றமற்றவனைச் சிறைக்கனுப்புகிறது. கணக்கில் அது தீர்ப்பான ஒரு குற்றம். கிராமத்திலோ அதிலிருந்து கொலைகள் விளைகின்றன. கதையே எனினும், நீதவான் ஆசனத்திலிருந்து கிராமத்தைக் கண்டவரின் கதை அது.

பரம்பரைச் செல்வாக்கிற் பிறந்த தலைமைக்காரர் பதவி 1963இல் ஒழிந்தது. சம்பளம் பெறும் கிராம சேவகர் அவ்விடத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்து முதியோர் பின்னரும் அவரை விதானையார் என்றே அழைத்து வந்தனர்.