இரப்பர்த் தோட்டத் தொழிலில் முதுமையும் கையின் களைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதியோர் குடியேற்றம், கங்காணி முறை, கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அத்தொழிலைச் செய்த உடல் எவ்வாறு மூப்படைந்தது என்னும் வினா மிகக் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. இரப்பர் மரம் சீவுதல் என்பது ஒரே கையசைவை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டிய தொழில். இருபது வயதில் அவ்வேலையைத் தொடங்கிய கை ஐம்பது வயதில் எந்நிலையில் இருந்தது, அந்த மாற்றத்தைத் தோட்ட நிருவாகமும் சட்டமும் எவ்வாறு கையாண்டன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

சீவுதல் என்னும் தொழில்

1877 ஆம் ஆண்டில் இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை வந்தடைந்தன. 1888 இல் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற எச். என். ரிட்லி, மரத்திற்குக் கேடு விளையாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்தபோது இம்முறை மலாயா முழுவதும் பரவியது.

வெட்டு மரத்தின் பாதிச் சுற்றளவில் சரிவாக அமையும். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள பட்டைச் சீவல் எடுக்கப்பட வேண்டும். வெட்டு ஆழமாகாவிடில் பால் குறையும். மிக ஆழமானால் பட்டையின் உட்படலம் காயப்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். எனவே விசையும் கட்டுப்பாடும் ஒருங்கே தேவைப்பட்டன. விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்கு ஒழுகும் என்பதால் வேலை விரைவாகவும் நடக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட நிரைகளில் பொதுவாக 300 முதல் 500 மரங்கள் வரை இருக்கும். ஒரு மரத்திற்குப் பத்து இழுப்பு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 400 மரங்களுக்கு 4,000 இழுப்புகளாகின்றன. அதன்பின் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, வாளிகளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு செல்ல வேண்டும். களைத்த கைக்கே சுமையும் வந்து சேர்ந்தது.

மூப்பும் களைப்பும்

முதியோர் எல்லா வேலையிலும் விரைந்து களைப்பர் என்பது பொதுவான எண்ணம். உடலியல் ஆய்வுகள் இதனை அப்படியே ஏற்பதில்லை. தத்தம் வலிமைக்கேற்ற ஒரு சுமையை அசையாமல் தாங்கி நிற்கும் வேலையில் முதியோர் இளையோருக்கு ஈடாகவும், சில வேளைகளில் அவர்களைவிடக் கூடுதலாகவும் தாக்குப்பிடிக்கின்றனர். விரைந்த அசைவுகளை மீண்டும் மீண்டும் செய்யும்போது நிலைமை மாறுகிறது. வயது ஏற ஏற, விரைந்து சுருங்கும் தசைநார்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் குறைகின்றன. ஆகவே விரைவு தேவைப்படும் இடத்தில் முதியோரின் ஆற்றல் முன்னதாகவே தளர்கிறது.

இரண்டாவதாக, ஐம்பது வயதிற்குப் பின் தசையின் உச்ச வலிமை குறையத் தொடங்குவது தெளிவாகப் புலப்படும். பட்டையின் கடினமோ வாளியின் எடையோ அதற்கேற்பக் குறைவதில்லை. இளைஞனின் வலிமையில் ஒரு சிறு பங்கைக் கேட்ட அதே வேலை, முதியவரின் வலிமையில் பெரும் பங்கைக் கேட்கிறது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் தேய்வதும் கிழிவதும் வயதோடு பெருகுவதால், கையைத் தோளுக்கு மேல் உயர்த்திச் செய்யும் வேலை வலிமிக்கதாகிறது.

எனினும் அனுபவம் இவ்விழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்தது. கத்தியைக் கூர்மையாக வைத்திருப்பதாலும், கையோடு உடலையும் நகர்த்தி இழுப்பதாலும், தேவையற்ற இழுப்புகளைத் தவிர்ப்பதாலும் குறைந்த விசையில் சீராகச் சீவ முடியும். முதிய தொழிலாளர் நல்ல வெட்டாளராக நீடித்ததற்கு இதுவே காரணம். வெட்டின் தரத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. விடியற்காலத்து வேகத்திலும் சுமையிலுமே பின்தங்கினர்.

மரத்தின் வயதும் மனிதரின் வயதும்

மரத்தின் களைப்பைத் தோட்டத்துறை நன்கு அறிந்திருந்தது. 1925 இல் தொடங்கப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பட்டை எவ்வளவு செலவாகிறது, ஒரு மரத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை சீவலாம் என்பனவற்றை நுணுகி ஆராய்ந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் சீவும் முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. அதன்படி, இன்று சீவப்பட்ட மரம் நாளை ஓய்வு பெறும். அதனைச் சீவியவர் நாளை வேறொரு பகுதியில் அதே அளவு மரங்களைச் சீவுவார். ஆக, ஓய்வு மரத்திற்குக் கிடைத்தது, கைக்குக் கிடைக்கவில்லை.

மரத்தின் ஆயுட்சுழற்சியும் தொழிலாளரின் உடலைத் தொட்டது. ஆறு அல்லது ஏழு ஆண்டுகளில் மரம் வெட்டுக்கு வரும். தொடக்கத்தில் வெட்டு ஏறத்தாழ மார்பளவில் இருக்கும். ஆண்டுதோறும் கீழிறங்கிச் சென்று குனிந்து சீவும் நிலைக்கு வரும். கீழ்ப்பட்டை தீர்ந்த பழைய மரங்களில், நீண்ட பிடியுள்ள கத்தியாலோ ஏணியின் துணையாலோ உயரத்தில் சீவ வேண்டும். இருபத்தைந்து அல்லது முப்பது ஆண்டுகளில் மரம் வெட்டப்பட்டு மறுநடவு நடைபெறும். பதினைந்து வயதில் புதிய நிரைகளில் வேலை தொடங்கிய ஒருவரைக் கருதுவோம். முதல் தலைமுறை மரங்கள் அழிக்கப்படும்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டியிருக்கும். இரண்டாம் தலைமுறை மரங்கள் உயர வெட்டை எட்டும்போது ஐம்பதைக் கடந்திருப்பார். கையை உயர்த்துவது அரிதாகும் வயதில், கையை உயர்த்த வேண்டிய மரங்கள் அவருக்கு வாய்த்தன.

சட்டமும் கணக்கேடும்

1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது. பால் வேற்றுமையைக் கூலி கருத்திற் கொண்டது. மூப்பைக் கருத்திற் கொள்ளவில்லை. உழைக்க இயலாதவருக்கு அக்காலத்தில் இருந்த முதன்மையான வழி தாயகம் திரும்புவதே. 1907 இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி ஆட்களைக் கொண்டுவரும் செலவோடு திருப்பியனுப்பும் செலவையும் ஏற்றது. 1938 இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்த பின்னர், இங்கேயே பிறந்து இங்கேயே மூப்படையும் தலைமுறை பெருகியது.

1951 இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. அதன் சேமிப்பை முழுமையாகப் பெறும் வயது 55 என வரையறுக்கப்பட்டது. முதுமைக்கு ஒரு சேமிப்பு கிடைத்தது பெரும் முன்னேற்றமே. ஆயினும் அது வேலை முடிந்த பின்னர் வரும் பயன்; வேலைக்காலத்தில் நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை படிப்படியாகத் தளரும் கைக்கு அது விடை கூறவில்லை. எடைக்கேற்ற கூலி நிலவிய இடங்களில் அத்தளர்ச்சி நேரே வருமானக் குறைவாயிற்று. வெளிக்காட்டு வேலைக்கு மாற்றப்படுவதும் உண்டு. லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், தளர்ச்சியை வெளிப்படுத்துவது குடியிருப்பையும் இழக்கச் செய்யலாம்.

இதனால் குடும்பமே அக்களைப்பைச் சுமந்தது. மனைவி மங்கு துடைத்தார். பள்ளி செல்லும் பிள்ளை பால் சேர்க்க வந்தது. கணக்கேட்டில் ஒரு பெயரும், நிரையில் இரண்டு மூன்று இணைக் கைகளும் இருந்தன. தந்தையின் தோள்வலிக்கும் பிள்ளையின் பள்ளி வருகைக்கும் தொடர்பு இருந்திருக்கக் கூடும் என்பதைக் கல்வி வரலாற்றாய்வாளர் கருத்திற் கொள்ளல் வேண்டும். பெண்களின் நிலை இன்னும் கடினம். காட்டில் சீவிய கையே வீட்டில் சமைக்கவும் துவைக்கவும் நீர் சுமக்கவும் செய்தது.

முடிவுரை

மரத்தின் களைப்பு அளக்கப்பட்டதால் அதற்கு ஓய்வு முறை வகுக்கப்பட்டது. மனிதரின் களைப்பு அளக்கப்படாததால் அது எடைக் குறைவாக மட்டுமே பதிவாயிற்று. 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வுபெறும் வயது 60 ஆக உயர்ந்து, 2013 இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழில்களில் அவ்வயது எவ்வாறு எட்டப்படுகிறது என்று கேட்பதற்குத் தோட்ட வரலாறு நமக்குப் பயன்படும்.

எழுத்தாவணங்களில் காணாத இச்செய்தி வாய்மொழியில் இன்றும் உள்ளது. தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு தாத்தா பாட்டியரின் நினைவுகளைத் திரட்டும்போது, எந்த ஆண்டு ஓய்வு பெற்றீர்கள் என்பதோடு, எந்த ஆண்டிலிருந்து பிள்ளைகள் உங்களுக்காகப் பால் சேர்க்கத் தொடங்கினர் என்றும் கேட்கச் செய்யலாம். கை எப்போது தளர்ந்தது என்பதை அவ்விரண்டாம் வினாவின் விடையே காட்டும்.