ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்ரீவில்லிபுத்தூர்ல கட்டட வேலை பார்த்துக்கிட்டிருந்த என் சித்தப்பா சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு உடைஞ்சு, நிலையில்லாம ஆடிக்கிட்டு இருந்தது. மதுரையில ஆபரேஷன். கம்பியும் ஸ்க்ரூவும் வெச்சு நிறுத்தினாங்க. "ஆபரேஷன் சக்சஸ்"னு டாக்டர் சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதி. ராஜபாளையத்திலிருந்து சொந்தக்காரங்க பழத்தோட வந்து பார்த்துட்டுப் போனாங்க. வீட்டுக்கு வந்த மூணாவது வாரம் படுக்கைப் புண் வந்தது.

நல்லா நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒருத்தர் தேறுவதை எது தீர்மானிக்குது? அப்போ பிடிச்ச கேள்விதான் இந்த எபிசோட்.

ஒரு விஷயம் முதல்ல தெரியணும். கம்பி எலும்பைத்தான் பிடிச்சு நிறுத்தும். உள்ளே நசுங்கின தண்டுவடத்தைச் சரிபண்ணாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே கொஞ்சமாவது உணர்ச்சி மிஞ்சியிருந்தா நம்பிக்கை அதிகம். விழுந்தவரை ஆட்டோவில் மடக்கி உட்கார வெச்சாங்களா, அசையாம பலகையில் கிடத்தினாங்களா என்பதும் முக்கியம். பீடி, சிகரெட் எலும்பு கூடுறதைத் தாமதமாக்கும்.

ஆனா வரலாற்றைப் பார்த்தா, ஆளைக் கொன்னது பெரும்பாலும் வேற. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் விழுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இறந்தது படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான். 1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் செய்தது கேட்கவே சாதாரணமா இருக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கணும். சிறுநீர்ப்பையைக் கவனிக்கணும். கையில் வேலையும் விளையாட்டும் கொடுக்கணும். பாராலிம்பிக்ஸே அங்கிருந்து வந்ததுதான்.

நம்ம ஊர்ல இதைத் தன் உடம்பாலேயே படிச்சவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்து, கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுத் திரும்பினார். 1966ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது.

இன்னும் பக்கத்துக்கு வாங்க. ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினா சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன் 1975ல் இன்ஜினியரிங் மாணவர். பெங்களூருவில் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஊருக்கே திரும்பி 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது அவருக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். 2020ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ. எனக்கு விருதை விடப் பெரிசாத் தெரியுறது, அவர் அதைப் பெரிய நகரத்தில் கட்டாம கிராமத்தில் கட்டினதுதான். ஏன்னா ஆபரேஷன் எங்கே நடந்தாலும், ஆள் திரும்பி வர்றது படி வெச்ச வீட்டுக்குத்தானே?

சித்தப்பா வீட்டு வாசலில் மூணு படி. கழிப்பறை கொல்லைப்புறத்தில். சித்தி போன்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வெச்சாங்க. புண் ஆற நாலு மாசம் ஆச்சு. அப்புறம் அவரோட பழைய கூட்டாளி ஒரு கொத்தனார் வந்து, படி மேலேயே சாய்தளம் போட்டார். சித்தப்பா கட்டிலில் படுத்தபடியே வாட்டம் சரியில்லைன்னு ரெண்டு தடவை கலைக்கச் சொன்னார்.