வந்தனா ஏன் திருப்பிப் பேசவில்லை?

கும்பகோணத்தில் மாதம் ஒருமுறை நாங்கள் சில பேர் கூடிப் படிப்பதுண்டு. பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர்கள். போன மாதம் பேச்சு விளையாட்டின் பக்கம் திரும்பியது. ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் கதையைச் சொல்லி முடித்தேன். முதலாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அவ்வளவு கேவலப்படுத்தியிருக்காங்க. அந்தக்கா ஏண்ணே திருப்பி ஒண்ணும் சொல்லல?"

அன்று நான் ஏதோ ஒரு பதிலைச் சொன்னேன். அது எனக்கே போதவில்லை. அந்தத் தங்கைக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ரோஷனாபாத்தின் பெண்

வந்தனா பிறந்தது 1992 ஏப்ரல் 15 அன்று. ஊர் இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தில் ஹரித்துவாரை ஒட்டியுள்ள ரோஷனாபாத். தலித் குடும்பம். அப்பா நாஹர் சிங் ஹரித்துவார் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவதா என்று ஊர் முகம் சுளித்தது. அப்பா ஊரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

முதலில் அவர் ஆடியது கோ-கோ. கால்களின் வேகத்தைக் கண்டுதான் ஹாக்கிப் பக்கம் இழுத்தார்கள். பிறகு லக்னோவின் அரசு விளையாட்டு விடுதி. அந்த விடுதி என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

2006இல் ஜூனியர் அணி. பிறகு இந்திய அணி. 2013இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றபோது, நம் அணியில் அதிக கோல் அடித்தவர் வந்தனா. 2014 ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2018இல் வெள்ளி. இடையில் 2016இல் ரியோ ஒலிம்பிக். 1980க்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் கால் வைத்தது அப்போதுதான். அதே ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணிக்கு வந்தனாவே தலைவர்.

2021 மே மாதம் அப்பா இறந்துபோனார். வந்தனா பெங்களூருவில் ஒலிம்பிக் பயிற்சி முகாமில் இருந்தார். கொரோனா காலம். முகாமை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது எளிதல்ல. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலேயே டோக்கியோவுக்கு விமானம் ஏறினார்.

டோக்கியோவில் ஏழு நாள்

டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் என்று வரிசையாக அடி. நான்காவதில் அயர்லாந்தை 1-0 என்று வென்றார்கள். ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவை வென்றே தீர வேண்டும் என்ற நிலை. இந்தியா அடித்த நான்கு கோல்களில் மூன்று வந்தனாவுடையவை. முடிவு 4-3. ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அவர் அந்த மூன்றையும் அடிக்காமல் போயிருந்தால் இந்தியா அன்றே மூட்டை கட்டியிருக்கும்.

ஆகஸ்ட் 2 அன்று காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தினார்கள். நாடே துள்ளியது. இந்தியாவின் மகள்கள் என்றார்கள்.

ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோல்வி. அன்று ரோஷனாபாத்தில் வந்தனாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தது. ஆதிக்க சாதி ஆட்கள் சிலர் வெடி வெடித்து ஆடினார்கள் என்றும், அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்றும் குடும்பத்தார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள்.

இந்தியா தோற்றதற்கு இந்தியாவுக்குள்ளேயே பட்டாசு. தேசபக்தியைப் பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த ஒரு காட்சியை நினைவில் வைத்திருக்கட்டும். நாடு தோற்ற துக்கத்தைவிட, ஒரு தலித் பெண் தோற்ற மகிழ்ச்சி அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே பிரிட்டன். 0-2 என்று பின்தங்கிய இந்தியா 3-2 என்று முன்னே வந்தது. மூன்றாவது கோலை அடித்தவர் வந்தனா. ஆட்டம் கடைசியில் 3-4 என்று கைநழுவியது, நான்காம் இடம். ஊரில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குப் பின்தான் அந்த கோல்.

நிருபர்கள் கேட்டபோது, நாங்கள் நாட்டுக்காக ஆடுகிறோம், சாதியைச் சொல்லிப் பேசுவது நடக்கக் கூடாது என்ற அளவில் சொல்லி நிறுத்திக்கொண்டார். அணித் தலைவர் ராணி ராம்பால்தான் இது வெட்கக்கேடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார்.

தங்கையின் கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது. அதற்குப் பதில் தேட இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வருவோம்.

மண் குவளையும் ஒற்றைக் கண்ணும்

பல்வாங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்து, புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைச் சீர்செய்யும் கூலியாக இருந்தவர். மாதச் சம்பளம் நான்கு ரூபாய். அவர்களுக்குப் பயிற்சிக்குப் பந்து போட்டுப் போட்டே இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளரானார். இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஜெயிக்க வேண்டுமே. ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கானில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் போட்ட பந்தைத் தொடலாம், அவர் குடித்த கோப்பையைத் தொடக்கூடாது. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 100 விக்கெட்டுக்கு மேல் சாய்த்துத் திரும்பினார். அப்போதும் தலைவர் பதவி தரவில்லை.

அடுத்தவர் கனடாவின் வில்லி ஓ'ரீ. ஐஸ் ஹாக்கி என்பது உறைந்த பனித்தளத்தில், கத்தி பொருத்திய காலணியில் சறுக்கிக்கொண்டு, ரப்பர் வில்லை ஒன்றை மட்டையால் அடித்து ஆடும் விளையாட்டு. அங்கே அது வெள்ளையரின் ஆட்டம் என்றே வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் ஹாலிஃபாக்ஸில் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்களைச் சுற்றி 1895இலேயே தங்களுக்கென ஒரு ஹாக்கி லீக் தொடங்கிவிட்டார்கள். இன்று உலகப் புகழ் பெற்ற என்.எச்.எல். பிறந்தது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து. அதில் முதல் கறுப்பர் கால் வைக்க இன்னும் 41 ஆண்டுகள் ஆயின. 1958 ஜனவரி 18 அன்று, பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக மான்ட்ரியலில் இறங்கிய ஓ'ரீதான் அவர்.

அவருக்கு வலது கண் பார்வை கிட்டத்தட்ட முழுதும் போயிருந்தது. இளம் வயதில் ஒரு ஆட்டத்தில் வில்லை பட்டுப் போன கண். வெளியே தெரிந்தால் விளையாட விடமாட்டார்கள் என்று மறைத்தார். பார்வையாளர்கள் நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். சிகாகோவில் எதிரணி ஆட்டக்காரர் மட்டையால் இடித்துப் பற்களை உடைத்தார். வாயால் திட்டியதற்காக நான் ஒருபோதும் சண்டை போட்டதில்லை, அடித்தால்தான் திருப்பி அடித்தேன் என்று பின்னாளில் ஓ'ரீ சொன்னார். என்.எச்.எல்.லில் அவருக்குக் கிடைத்தது மொத்தம் 45 ஆட்டம், நான்கு கோல். மற்ற லீக்குகளில் 1979 வரை ஆடினார். அவருக்கு அடுத்த கறுப்பர் என்.எச்.எல்.லுக்குள் வந்தது 1974இல்தான். அவர் அணிந்த 22ஆம் எண்ணை பாஸ்டன் அணி அரங்கில் ஏற்றிக் கௌரவித்தது 2022 ஜனவரி 18 அன்று. முதல் ஆட்டத்துக்குச் சரியாக 64 ஆண்டுகள் கழித்து.

மூன்று பேருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. மேலே போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்கு ஆள்பலம் இல்லை. அங்கே வாய் திறந்தால் அடுத்த ஆட்டத்தில் பெயர் இருக்குமா என்ற கேள்வி எப்போதும் தலைக்கு மேல் தொங்கும். சிறப்பாக ஆட வேண்டும், அவமானத்தை விழுங்க வேண்டும், அதற்கும் மேல் தன் சனம் முழுவதற்கும் வழக்கறிஞராகவும் இருக்க வேண்டும் என்றால் எப்படி? ஆதிக்க சாதி ஆட்டக்காரரிடம் யாராவது இதைக் கேட்கிறோமா?

பதில் வந்தது, வேறு இடத்திலிருந்து

பாலுவின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. 1920இல் அவரை ஒதுக்கிவிட்டு வேறொருவரைத் தலைவராக்க முனைந்தபோது, அதே அணியில் ஆடிய தம்பிகள் விட்டலும் சிவராமும் காரணத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். நிர்வாகம் ஆடிப்போனது. பாலு துணைத் தலைவர் ஆனார். 1923இல் விட்டலே இந்துக்கள் அணியின் தலைவர். பாலுவின் விக்கெட்டுகள் சாதிக்காததைக் கூட நின்றவர்களின் வெளிநடப்பு சாதித்தது.

வந்தனாவின் கதையிலும் பதில் வந்தது. அவர் டோக்கியோவில் இருந்தபோதே குடும்பத்தார் காவல் நிலையப் படியேறினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது. பொதுவிடத்தில் சாதியைச் சொல்லி அவமானப்படுத்துவது குற்றம் என்று சொல்லும் அந்த 1989ஆம் ஆண்டுச் சட்டம் யாரும் இரங்கிப் போட்ட பிச்சையல்ல. அதற்குப் பின்னால் எத்தனையோ ஊர்களின் சாம்பல் இருக்கிறது. அதில் நம் டெல்டாவின் சாம்பலும் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இருக்கிற சட்டம் போதாது என்பதை அந்தத் தீர்ப்புகளே நாட்டுக்குச் சொல்லின. காவிரிக் கரையில் செத்தவர்களுக்கும், கங்கைக் கரையில் வந்தனா வீட்டார் கையில் இருந்த புகார் மனுவுக்கும் தொடர்பு உண்டு, தோழர்களே.

இதே டெல்டாவில் பண்ணையாள்களுக்குக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் எப்படி நின்றன? ஒரு வீரர் எதிர்த்துப் பேசி நிற்கவில்லை. சேரி சேரியாகச் சங்கம் வைத்தார்கள், சேர்ந்து மறுத்தார்கள், நின்றது.

நம் மைதானம் எங்கே?

நம் பக்கத்தில் மைதானத்துக்கும் பருவம் உண்டு. தை அறுவடை முடிந்தால் வயல்தான் மைதானம். மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்கு உழவு ஓட்டினால் மைதானம் போய்விடும். அதுவும் அடுத்தவர் வயல், துரத்தினால் ஓட வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது திருவிழாப் போட்டியில் எங்கள் தெரு அணி இறுதிக்கு வந்தால் எங்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும். ஜெயித்தால் கோப்பையை மேடையில் ஏற்றிக் கொடுப்பார்களா, கீழேயே கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்களா? கீழே என்று கட்டியவன் பெரும்பாலும் தோற்றதில்லை.

ஹாக்கியோ 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து செயற்கைப் புல்தரைக்கு மாறிவிட்டது. வயலில் மட்டை பிடித்துப் பழகியவள் எவ்வளவு வேகமானவளாக இருந்தாலும், அந்தத் தரையில் பழகாமல் மேலே போக முடியாது. கோவில்பட்டியில் பிள்ளைகள் ஹாக்கியில் மேலே வருகிறார்கள் என்றால், அங்கே தலைமுறை தலைமுறையாக மட்டையும் மைதானமும் பயிற்சியாளரும் இருப்பதால்தான். வந்தனாவுக்கும் ஒரு அரசு விடுதி கிடைத்தது. அது இல்லையென்றால் அந்தக் கால்களின் வேகம் ரோஷனாபாத்திலேயே முடிந்திருக்கும்.

அதனால் தங்கைக்கு என் பதில் இதுதான். வந்தனா தன் பங்கைச் செய்துவிட்டார். 320 ஆட்டம், 158 கோல். 300 ஆட்டங்களைத் தொட்ட முதல் இந்தியப் பெண். அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ. 2025 ஏப்ரல் 1 அன்று சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வை அறிவித்தார். திருப்பிப் பேச வேண்டிய மிச்சம் நம் கணக்கில் இருக்கிறது. உங்கள் விடுதிக்கு மைதானம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மனு எழுதுங்கள், நாற்பது பேர் கையெழுத்துப் போடுங்கள். ஊர்ப் போட்டியில் நம் அணியைத் தனியாக நிறுத்தினால் விட்டலையும் சிவராமையும் நினைத்துக்கொள்ளுங்கள். யாரையாவது சாதியைச் சொல்லித் திட்டினால், அவர் பேசட்டும் என்று காத்திருக்காமல் அவரோடு காவல் நிலையம் வரை நடங்கள்.

நம் பக்கத்திலிருந்தும் ஒருத்தி டோக்கியோ போன்ற இடத்துக்குப் போவாள். அன்று அவள் ஆட்டத்தை மட்டும் நினைத்து ஆடட்டும். வாசலில் பட்டாசு வெடிக்க எவனாவது வந்தால், அங்கே நாம் நிற்போம்.

ஜெய்பீம்.