கப்பி ரோடும் மெக்காடமும்

ஊரில் தார் போடாத ஜல்லிச் சாலையைக் 'கப்பி ரோடு' என்போம். ஆங்கிலத்தில் அதற்கு மெக்காடம் என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லௌடன் மெக்காடம் (1756-1836).

அவருக்கு முன்பே பிரான்சில் த்ரெஸகே என்ற பொறியாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். சாலையின் மேல்பக்கம் மட்டுமில்லாமல், கல் பரப்புவதற்கு முன் அடிமண்ணையும் அதே வளைவில் செதுக்கினார். மேலிருந்து கசியும் தண்ணீர் நடுவில் தேங்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும். இங்கிலாந்தில் டெல்ஃபோர்டு பெரிய கற்களைக் கையால் அடுக்கி அஸ்திவாரம் போட்டார். உறுதிதான், ஆனால் செலவு அதிகம்.

1816-ல் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்புக்கு வந்த மெக்காடம் வேறு மாதிரி யோசித்தார். பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, அடியில் இருக்கும் மண். அது காய்ந்திருக்கும்வரை எந்தப் பாரத்தையும் தாங்கும். ஆகவே சாலையைச் சுற்றுத் தரையைவிட உயர்த்தி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, மேலே சுமார் 10 அங்குலத்துக்கு உடைத்த சிறு கல். ஒரு கல் 6 அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வண்டி ஓட ஓட, உடைந்த முனைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கல்லோடு மண்ணைக் கலக்க அவர் விடமாட்டார். மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே!

இருநூறு வருஷத்துக் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? நான் இருக்கும் புனே குடியிருப்பில், தோட்டத்தில் பெரியவர்கள் உட்கார சிமெண்ட் பிளாக் பதித்துத் தளம் போட்டார்கள். ஒரே மழைக்காலம்தான். நடுவில் குழி, ஓரத்தில் மேடு. இடறி விழுந்த ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது. 'இன்னும் தடியான பிளாக் போடலாம்' என்கிறது கமிட்டி. பிளாக் என்ன பாவம் செய்தது? பிளாக்கைத் தூக்கிப் பார்த்தால் ஓர் அங்குல மணல், அதன் கீழே நேராகக் கரிசல் மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்.

இந்த மண்ணில் வெறும் பள்ளம் தோண்டி ஜல்லி கொட்டினாலும் போதாது. அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கமிட்டியிடம் நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

1. ஓர் அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட வேண்டும். பள்ளத்தின் அடியையே கட்டடத்துக்கு எதிர்ப்பக்கமாக, 10 அடிக்கு 2 அங்குலம் சரிக்க வேண்டும் (த்ரெஸகே!).

2. இங்கே 'முரும்' என்பார்கள், நம்மூர் கிராவல் மாதிரி. அதை 6 அங்குலம், இரண்டு தடவையாகக் கொட்டி இறுக்க வேண்டும்.

3. மேலே 4 அங்குலம் ஜல்லி. இடுக்கில் சிப்ஸ் போட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் உள்ளே இறங்கிவிடும். அதற்கு மேல் ஓர் அங்குல மணல், பிறகு பிளாக். ஓரத்தில் கர்ப் கல்.

4. சரிவு முடியும் இடத்தில் ஜல்லியின் அடிமட்டத்திலிருந்து மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு குழாய்.

பிளாக் பதிக்கும் முன் ஜல்லியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குழாய் வாயில் தண்ணீர் வரவேண்டும். வரவில்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.