மயிலாப்பூர் வாசகரும் மர்ம நாவலும்

தமிழில் துப்பறியும் நாவலின் சரித்திரத்தைச் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் அதை எழுதிய ஆசிரியர்களின் சரித்திரத்தையே சொல்லியிருக்கிறார்கள். அந்த நாவல்களை இரவலாகவும் வாடகைக்கும் வாங்கிப் படித்து, படித்த மறுநாளே திண்ணையிலும் கோயில் பிராகாரத்திலும் வக்கீல் குமாஸ்தாவின் மேஜையருகிலும் அவற்றுக்குத் தீர்ப்பு வழங்கிய வாசகர்களைப் பற்றிச் சொன்னவர் அரியர். சென்னையின் தென்பகுதியில், முக்கியமாக மயிலாப்பூரில், அவ்வாறு தீர்ப்பு வழங்கும் வழக்கம் ஒரு கலையாகவே வளர்ந்தது என்பதும், கொலைகாரன் யார் என்ற கேள்வியைத் தாண்டி அவனுடைய சித்தம் எப்படிப்பட்டது என்ற கேள்விக்குத் தமிழ் நாவல் வந்து சேர்ந்ததில் அந்த வாசகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை 1894-இல் வெளியிட்டார். 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது. அதன் பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வாசகர்களை இரவு முழுதும் விளக்கைத் தணிக்கவிடாமல் வைத்திருந்தார்கள். அக்காலத்து அபிப்பிராயங்கள் யாவும் நீதி சாஸ்திரத்தைச் சார்ந்தவை. துஷ்டன் தண்டனை பெற்றானா, பதிவிரதை காப்பாற்றப்பட்டாளா, இந்தப் புஸ்தகத்தை வீட்டுப் பெண்கள் கையில் கொடுக்கலாமா என்பவையே கேள்விகள். கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் விதித்த புஸ்தகமே அரிசிப் பானைக்குப் பின்னால் மறைந்திருந்து அதிகமாகப் படிக்கப்பட்டது.

இந்த நோக்கு மயிலாப்பூரில் மாறியதற்கு அவ்வூரின் தொழிலே காரணம் என்று கருதுகிறேன். ஸர் வி. பாஷ்யம் ஐயங்கார், வி. கிருஷ்ணசாமி ஐயர், பி. ஆர். சுந்தரமையர் முதலானோர் காலத்திலிருந்து அது வக்கீல்களின் ஊர். ஹைகோர்ட்டில் நடந்த குறுக்கு விசாரணை மாலையில் லஸ் சர்ச் சாலை பங்களாக்களின் தாழ்வாரத்தில் மறுபடியும் நடக்கும். காப்பி கொண்டு வரும் பெண்டிரும், பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கும் பையன்களும் சாட்சியம் எது, யூகம் எது என்ற பேதத்தைக் காதாலேயே கற்றுக் கொண்டார்கள். அப்படிப் பழகிய காதுக்கு, துப்பறிவோன் கடைசி அத்தியாயத்தில் வானத்திலிருந்து குதித்தாற்போல ஒரு தடயத்தை நீட்டினால் பொறுக்குமா? “நன்னா ஆரம்பிச்சான், கடைசியிலே கோட்டை விட்டுட்டான்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு அந்த ஆசிரியரின் வழக்குத் தள்ளுபடியாகிவிடும். சென்னை ராஜதானியில் 1849-இலேயே ரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் ஏற்பட்டு விஷங்களைச் சோதித்து வந்தது என்பதையும், அதன் வழிவந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறை இன்று அதே மயிலாப்பூரின் காமராஜர் சாலையில் இருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

அபிப்பிராயங்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவிய இடம் வாடகை நூல் நிலையம். ராயப்பேட்டையில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியைப் போலப் பெயர் பெற்றவை சில. வீட்டின் முன்னறையிலும் மாடிப்படியின் கீழும் நடந்து, பெயரின்றியே மறைந்தவை பல. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பத்திரிகை கொடுத்து வாங்கும் பையன், எந்தத் தெருவில் எந்த மாமிக்கு எந்தக் கதை பிடிக்கவில்லை என்பதை ஆசிரியருக்கு முன்பே அறிந்தவன். அந்நூல் நிலையங்களின் தனிச்சொத்து, வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதையின் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கெட்டி அட்டையும் காலிகோ முதுகுமாகத் தைத்த பைண்டு புஸ்தகம். அதைப் பிரித்தால் ஓவியர் ஜெயராஜின் சித்திரம் பாதி தையலுக்குள் போயிருக்கும். கதையின் நடுவே தலைவலித் தைல விளம்பரமும் ஒரு துணுக்கும் குறுக்கிடும். கடைசி இரண்டு பக்கங்களில் ஒன்று நிச்சயமாகக் காணாமற் போயிருக்கும். ஓரங்களில் பென்ஸில் எழுத்து. மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலைகாரனின் பெயரை எழுதி வைத்த புண்ணியவான் ஒருவர், அவரைச் சபித்து அடுத்த வரியில் எழுதியவர் மற்றொருவர், இருவரும் தவறு என்று ஆறாம் அத்தியாயத்தில் காரணத்தோடு காட்டியவர் மூன்றாமவர். தமிழில் மர்ம நாவல் விமர்சனம் என்று ஒன்று உண்டானால் அது இந்த ஓரங்களில்தான் உண்டாயிற்று என்பேன். அடையாற்றில் 1886-இல் ஸ்தாபிதமான பிரம்மஞான சபையின் நூலகம் ஓலைச் சுவடிகளைக் கண்ணெனக் காத்ததைப் போல இவற்றைக் காக்க ஒருவரும் இல்லை.

தேவனின் துப்பறியும் சாம்புவைச் சிரித்துக்கொண்டும், தமிழ்வாணனின் சங்கர்லாலை வியந்துகொண்டும் படித்த இதே வாசகர்கள், 1968-இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் சுஜாதா படைத்த கணேஷ் ஒரு வக்கீல். ஆகவே மயிலாப்பூர் அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே பாவித்துத் தவறு கண்ட இடத்தில் கண்டிக்கவும் செய்தது. ‘கொலையுதிர் காலம்’ ஆவியா விஞ்ஞானமா என்ற வினாவை முற்றிலும் தீர்க்காமல் விட்டபோது, வாசகர் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. விடையை மறைத்தது வாசகனை ஏமாற்றியதாகும் என்றது ஒரு கட்சி. இரு பக்கச் சாட்சியத்தையும் வைத்துவிட்டுத் தீர்ப்பை நம்மிடம் விட்டதே மரியாதை என்றது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி.

ஆயினும் குற்றமும் மனோதத்துவமும் நெருங்கிச் சந்தித்தது ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் ‘ஆ..!’ என்ற தொடரில்தான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ‘ஆ’ என்ற எழுத்திலேயே முடித்த அந்தக் கதையில், கம்ப்யூட்டர் துறை இளைஞன் ஒருவனின் தலைக்குள் யாரோ பேசுகிறார்கள். அது சித்தப் பிரமை என்று மருத்துவம் சொல்ல, பூர்வஜன்மத்தின் எதிரொலி என்று சம்பவங்கள் சொல்ல, கணேஷும் அவனுடைய ஜூனியர் வஸந்தும் நடுவில் நிற்கிறார்கள். இங்கே வக்கீல் வீட்டு வாசகர் எழுப்பக் கூடிய கேள்வி மிக நுட்பமானது. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நோய் இருந்ததா என்று மட்டும் கேட்டு நிற்பதில்லை. அந்தச் செயலைச் செய்த அந்த நேரத்தில், அதன் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாத நிலையில் அவன் இருந்தானா என்று கேட்கிறது. மருத்துவர் நோய்க்குப் பெயர் சொல்லலாம். அந்தக் கணத்தின் பொறுப்பைப் பற்றிக் கோர்ட்டுதான் முடிவு சொல்ல வேண்டும். மனநோய் நிபுணரைக் கதைக்குள் கொண்டு வந்து, அவர் வாயால் ஒரு நீண்ட பெயரைச் சொல்ல வைத்து, அதையே முடிவாகக் காட்டிவிடும் நாவல்களை, மேனாட்டுப் பிரசுரங்களானாலும் சரி, இந்த வாசகர்கள் திருப்தியோடு ஏற்காததற்கு இந்தப் பேதம் அவர்களுக்குத் தெரிந்திருந்ததே காரணம். நோயைச் சொன்னாயே, மனுஷனைச் சொன்னாயா என்பது அவர்களுடைய வாதம். எழுத்தாளர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

தி. நகரின் பிரசுராலயங்கள் இத்தொடர்களைப் புஸ்தகமாக்கின. ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் தொங்கிய மாத நாவல்கள் அவற்றை மலிவாக்கின. தொண்ணூறுகளில் டெலிவிஷன் மத்தியான நேரத்தைப் பறித்துக்கொள்ள, முன்னறை நூல் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. பைண்டு புஸ்தகங்களில் சில, லஸ் பக்கத்து நடைபாதையில் நெடுங்காலம் பழைய புஸ்தகம் விற்ற ஆழ்வாரைப் போன்றவர்களிடம் போயின. மிகுதி எடைக்குப் போயின. 1994-இல் நிறுவப்பட்டு இப்போது தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஸ்தாபனங்கள் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்க்கும்போது, சுத்தமான பிரதியையே விரும்பி, பென்ஸில் கிறுக்கிய பிரதியைத் தள்ளிவிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அச்சிட்ட கதை வேறு பிரதியிலும் கிடைக்கும்; ஓரத்தில் எழுதியவருடைய தீர்ப்பு அந்த ஒரு பிரதியில் மட்டுமே இருக்கிறது.